ஹலோ... அந்த அறைக்குக் கேட்கிறதா?

குட்டி நண்பர்களே! முதலில் உங்களுக்கு ஒரு கேள்வி.

ஒரு வீட்டில் மேஜை மேல் ஒரு கம்ப்யூட்டர். அதன் உச்சியில் சுண்டைக்காய் அளவுக்கு ஒரு கேமரா. அதன் எதிரே ஒரே ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். அங்கிருந்து இருநூறு கிலோமீட்டர் தள்ளி வேறொரு ஊரில் ஒரு பெரிய கூட்ட அறை. சுவரில் பெரிய திரை, கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும் கேமரா, நீளமான மேஜையின் நடுவே மைக், சுற்றிலும் பத்துப் பேர். கம்ப்யூட்டரில் இருப்பவரும் அறையில் இருப்பவர்களும் முகம் பார்த்துப் பேச வேண்டும். அதற்கு என்ன வேண்டும்?

"ஒயர் வேண்டும்" என்பீர்கள். "இன்டர்நெட் வேண்டும்" என்பார் உங்கள் பக்கத்தில் இருப்பவர். இரண்டும் வேண்டியதுதான். ஆனால் ஒயரும் இருந்து, இன்டர்நெட்டும் இருந்து, இந்த இரண்டு பக்கமும் பேச முடியாமல் போன காலம் உண்டு. இன்றும் சில சமயம் அப்படி நடப்பதுண்டு. தமிழ் மட்டும் தெரிந்தவரும் ஜப்பான் மொழி மட்டும் தெரிந்தவரும் போனை எடுத்தால் என்ன ஆகும்? லைன் கிடைக்கும். பேச்சு நடக்காது. அதே கதைதான்!

இந்த இரண்டு கருவிகளுக்கும் ஒரு பொது மொழி எப்படிக் கிடைத்தது? அதற்காக யார் யார் எதை விட்டுக் கொடுத்தார்கள்? வாருங்கள், பார்ப்போம்.

இரண்டும் இரண்டு ஜாதி

கூட்ட அறையில் இருக்கும் கருவி வீடியோ கான்பரன்சுக்காகவே பிறந்தது. அதற்கு வேறு வேலை கிடையாது. கணக்கும் போடாது, கேமும் விளையாடாது. அதன் கேமரா இடமும் வலமும் திரும்பும், மேலும் கீழும் பார்க்கும், தூரத்தில் இருப்பவரைக் கிட்டே இழுத்தும் காட்டும். சில கருவிகளில் இன்னொரு வேடிக்கை உண்டு. எதிர்ப்பக்கத்தில் இருப்பவர் தன் ரிமோட்டை அழுத்தி, இந்த அறையின் கேமராவைத் திருப்பிப் பார்க்கலாம்!

1990-களில் இந்த அறைக் கருவிகள் பெரும்பாலும் ஐ.எஸ்.டி.என். என்ற தனி வகை டெலிபோன் லைன்களில்தான் பேசின. ஒரு லைனில் ஒரு வினாடிக்கு 64,000 பிட்கள் போகும். பிட் என்றால் கம்ப்யூட்டர் மொழியில் 0 அல்லது 1 என்ற ஒரே ஓர் எழுத்து. அது போதாது என்று ஆறு லைன்களை ஒன்றாகச் சேர்த்து 3,84,000 பிட்கள் அனுப்புவார்கள்.

கம்ப்யூட்டர் அப்படியல்ல. அது எல்லா வேலையும் செய்யும் ஆள். ஒரு கேமராவையும் மைக்கையும் மாட்டி, ஒரு சாப்ட்வேரைப் போட்டுவிட்டால் வீடியோ போனாக மாறிவிடும். அது பேசுவது இன்டர்நெட் வழியாக. ஆக, கருவி வேறு, பாதை வேறு, மொழியும் வேறு. பிறகு எப்படி ஒட்டும்?

எல்லையில் நின்ற தந்தி

இந்தத் தலைவலி கம்ப்யூட்டர் காலத்தில் வந்தது என்று நினைக்காதீர்கள். தந்தி காலத்திலேயே இருந்தது.

19-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஐரோப்பாவில் ஒவ்வொரு நாடும் தனக்குப் பிடித்த மாதிரி தந்தி அமைப்பை வைத்திருந்தது. ஒரு செய்தி நாட்டின் எல்லைக்கு வந்ததும் நின்றுவிடும். அங்கே ஓர் ஊழியர் அதைத் தாளில் எழுதி, வேண்டுமானால் மொழிபெயர்த்து, அடுத்த நாட்டு ஊழியரிடம் கொடுப்பார். அவர் தன் நாட்டுக் கம்பியில் மறுபடியும் தட்டி அனுப்புவார். மின்சாரம் கண்ணிமைக்கும் நேரத்தில் பறக்கிறது. தாளோ கை மாறிக் கை மாறி நடக்கிறது!

பொறுத்துப் பார்த்த 20 நாடுகள் 1865-ஆம் ஆண்டு மே 17-ஆம் தேதி பாரிஸ் நகரில் கூடி ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. எல்லோரும் ஒரே விதிகளைப் பின்பற்றுவது என்று முடிவானது. அன்று பிறந்த சங்கம்தான் இப்போது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் என்ற பெயரில் ஜெனீவாவில் இயங்குகிறது. நம் கதையில் அடிக்கடி வரப்போகிறவர்கள் இவர்கள்தான். பெயரை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள்.

யாரைக் கூப்பிடுவது?

1964-ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஏ.டி. அண்டு டி. நிறுவனம் 'பிக்சர்போன்' என்ற படம் காட்டும் போனை நியூயார்க் உலகக் கண்காட்சியில் வைத்தது. ஜனங்கள் வரிசையில் நின்று பார்த்தார்கள். அதே ஆண்டில் நியூயார்க், வாஷிங்டன், சிகாகோ ஆகிய மூன்று நகரங்களில் பிக்சர்போன் அறைகளும் திறக்கப்பட்டன. மூன்று நிமிடம் பேச 16 முதல் 27 டாலர் வரை கட்டணம். அந்தக் காலத்தில் அது பெரிய தொகை.

பிறகு 1970-இல் பிட்ஸ்பர்க் நகரத்தில் அலுவலகங்களுக்கு பிக்சர்போனை வாடகைக்குக் கொடுத்தார்கள். மாதம் 160 டாலர். வாங்கியவர்கள் மிகக் குறைவு. விலை ஒரு காரணம். இன்னொரு காரணமும் உண்டு. நீங்கள் ஒரு பிக்சர்போன் வாங்கினால், இன்னொரு பிக்சர்போன் வைத்திருப்பவரைத்தான் முகம் பார்த்துக் கூப்பிட முடியும். ஊரில் யாரிடமும் அது இல்லை என்றால் யாரைக் கூப்பிடுவது? உங்களிடம் மட்டும் பந்து இருக்கிறது, விளையாட ஆள் இல்லை என்பது போலத்தான்.

1980-களில் கூட்ட அறைக் கருவிகள் வந்தபோதும் இதே கதை. ஒரு கம்பெனியின் கருவி தன் சொந்தக்காரக் கருவியுடன் மட்டுமே பேசும். பக்கத்துக் கம்பெனிக் கருவியைக் கண்டால் வாயை மூடிக் கொள்ளும்.

ஆளுக்குப் பாதி!

இதைச் சரிசெய்ய மேலே சொன்ன சங்கம் 1984-இல் ஒரு நிபுணர் குழுவை அமைத்தது. ஜப்பானைச் சேர்ந்த சகாயே ஒகுபோ அதற்குத் தலைவர். குழு கூடியதும் முதல் சிக்கல் முளைத்தது. படத்தின் அளவு என்ன?

அன்றைய டிவியில் உலகமே இரண்டு கட்சி. அமெரிக்காவிலும் ஜப்பானிலும் ஒரு படத்தில் 525 கோடுகள், ஒரு வினாடிக்கு 30 படங்கள். ஐரோப்பாவிலும் நம் இந்தியாவிலும் 625 கோடுகள், ஒரு வினாடிக்கு 25 படங்கள். யாருடைய கணக்கை எடுத்துக்கொண்டாலும் மற்றவருக்குக் கோபம் வரும். எடுத்துக்கொள்ளப்பட்ட கணக்குக்காரருக்கு எந்த வேலையும் இல்லை. மற்றவர்தான் கருவியை மாற்ற வேண்டும்.

என்ன செய்தார்கள் தெரியுமா? ஒரு கட்சியிடமிருந்து கோடுகளையும், மறு கட்சியிடமிருந்து வேகத்தையும் எடுத்துக் கொண்டார்கள்! 625 கோட்டு டிவியில் கண்ணுக்குத் தெரியும் கோடுகள் 576. அதில் சரிபாதி 288. அதுதான் படத்தின் உயரம். வேகத்துக்கு அமெரிக்கக் கணக்குப்படி வினாடிக்கு 30 படங்கள் (துல்லியமாகச் சொன்னால் 29.97). அகலத்துக்கு 352 புள்ளிகள். இந்த அளவுக்கு 'பொது இடைநிலை வடிவம்' என்று பொருள் தரும் பெயர் வைத்தார்கள். சுருக்கமாக சி.ஐ.எப்.

இப்போது இரண்டு கட்சிக்கும் வேலை உண்டு. அமெரிக்கர்கள் கோடுகளை மாற்ற வேண்டும். ஐரோப்பியர்கள் வேகத்தை மாற்ற வேண்டும். யாருக்கும் முழு லாபம் இல்லை, யாருக்கும் முழு நஷ்டமும் இல்லை. அதனால்தான் எல்லோரும் ஒத்துக் கொண்டார்கள். ஒரே சைக்கிளுக்குச் சண்டை போடும் அண்ணன் தம்பிக்கு இதைப் படித்துக் காட்டுங்கள்!

இந்த அளவை வைத்து 1990-இல் முழுமையாக வெளிவந்த வீடியோ மொழிக்கு எச்.261 என்று பெயர்.

பானைக்குள் யானை

அடுத்த சிக்கல். 352-ஐ 288-ஆல் பெருக்கிப் பாருங்கள். ஒரு படத்தில் 1,01,376 புள்ளிகள். வினாடிக்கு 30 படங்கள். நிற விவரத்தைக் கொஞ்சம் குறைத்து அனுப்பினாலும் வினாடிக்கு ஏறத்தாழ 3 கோடியே 65 லட்சம் பிட்கள் ஆகும். ஆறு டெலிபோன் லைன்களைச் சேர்த்தாலும் போகக்கூடியது 3,84,000 பிட்கள் மட்டும். அதாவது படத்தைச் சுமார் 95 மடங்கு சுருக்க வேண்டும்!

இதற்கு இரண்டு தந்திரங்கள். முதல் தந்திரம், மாறியதை மட்டும் சொல்வது. படத்தை 396 சதுரங்களாகப் பிரிக்கிறார்கள். நீங்கள் பேசும்போது உதடும் கண்ணும்தான் அசைகின்றன. பின்னால் இருக்கும் சுவரும் காலண்டரும் அப்படியே இருக்கின்றன. "சுவர் மாறவில்லை, பழையதையே வைத்துக்கொள். உதடு இருக்கும் சதுரம் மட்டும் இப்படி மாறிவிட்டது" என்று சொன்னால் போதுமே!

இரண்டாவது தந்திரம், கண்ணுக்குப் புலப்படாததை விட்டுவிடுவது. எட்டுக்கு எட்டாக 64 புள்ளிகளை எடுத்துக் கொள்கிறார்கள். ஒவ்வொரு புள்ளியின் வெளிச்சத்தையும் தனித்தனியாகச் சொல்லாமல், 64 அடிப்படை வடிவங்களில் எது எத்தனை பங்கு கலந்திருக்கிறது என்று சொல்கிறார்கள். சாம்பாருக்குப் பருப்பு இவ்வளவு, புளி இவ்வளவு, பெருங்காயம் ஒரு சிட்டிகை என்று சொல்வதைப் போல. சிட்டிகைக்கும் குறைவாக இருக்கும் சாமான்களை விட்டுவிட்டாலும் ருசி பெரிதாக மாறாது. படமும் அப்படியே.

இந்தக் கணக்கு முறையைக் கண்டுபிடித்தவர் நம் பெங்களூரில் 1940-இல் பிறந்த நசீர் அகமது. அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த அவர், 1972-இல் இந்த யோசனையை எழுதி, ஆராய்ச்சிக்குப் பணம் வேண்டும் என்று அமெரிக்க தேசிய அறிவியல் நிறுவனத்திடம் கேட்டார். "இது ரொம்ப எளிமையாக இருக்கிறதே" என்று மறுத்துவிட்டார்கள்! அவர் விடவில்லை. டி. நடராஜன், கே.ஆர். ராவ் ஆகியோருடன் சேர்ந்து உழைத்து, 1974 ஜனவரியில் கட்டுரையாக வெளியிட்டார். இவர்களில் ராவ் நம் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கியவர். இன்று நீங்கள் செல்போனில் பார்க்கும் ஜேபெக் படங்களுக்குள் இருப்பதும் இதே கணக்குதான்.

இரண்டு கருவிகளின் கைகுலுக்கல்

அறைக் கருவிகளுக்குள் பொது மொழி வந்துவிட்டது. இன்டர்நெட்டில் இருக்கும் கம்ப்யூட்டர்? அதற்கும் சேர்த்து 1996-இல் அதே சங்கம் எச்.323 என்ற விதித் தொகுப்பை வெளியிட்டது. அந்தச் சமயத்தில் விண்டோஸ் கம்ப்யூட்டர்களில் நெட்மீட்டிங் என்ற சாப்ட்வேர் இருந்தது. இப்போது அது வழக்கில் இல்லை. அது இந்த மொழியைக் கற்றுக் கொண்டது. அதன் பிறகு, வீட்டுக் கம்ப்யூட்டரிலிருந்து இந்த மொழி தெரிந்த கூட்ட அறையைக் கூப்பிட வழி பிறந்தது.

அழைப்பு போட்ட சில வினாடிகளுக்குள் என்னென்ன நடக்கிறது தெரியுமா?

முதலில் கம்ப்யூட்டர், அறைக் கருவியின் 1720-ஆம் எண் கதவைத் தட்டுகிறது. கருவிகளில் இப்படி எண் போட்ட கதவுகள் ஆயிரக்கணக்கில் உண்டு. இந்த வகை அழைப்புக்கு இந்தக் கதவு என்று பேசி வைத்திருக்கிறார்கள். "மணி அடிக்கிறது" என்று பதில் வருகிறது. யாராவது எடுத்தால் "இணைந்தது" என்று அடுத்த பதில்.

அடுத்தது அறிமுகம். "எனக்கு எச்.261, எச்.263 வீடியோ தெரியும். ஜி.711, ஜி.723 ஒலி தெரியும்" என்கிறது கம்ப்யூட்டர். "எனக்கு எச்.261, எச்.263, எச்.264 தெரியும். ஒலியில் ஜி.711, ஜி.722 தெரியும்" என்கிறது அறை. இருவருக்கும் பொதுவானது எது? வீடியோவுக்கு எச்.263. ஒலிக்கு ஜி.711. சரி, அதையே வைத்துக் கொள்வோம்!

பொதுவாக ஒன்றுமே இல்லாமல் போனால்? அதற்கும் முன்யோசனை உண்டு. வேறு எது தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் ஜி.711 ஒலி கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். வீடியோ காட்டும் கருவி என்றால், எச்.261-இல் 176-க்கு 144 என்ற சின்னப் படத்தையாவது காட்டத் தெரிந்திருக்க வேண்டும். படம் தபால் தலை மாதிரி சின்னதாக இருக்கலாம். ஆனால் "பேச வழியே இல்லை" என்ற நிலை வராது.

அதன் பிறகு ஒரு வேடிக்கை. ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் ஒன்றுக்கொன்று முரணாக எதையாவது கேட்டால் யார் சொல்வதைக் கேட்பது? அதற்கு ஒருவரைத் தலைவராக்க வேண்டும். கருவியின் வகையைப் பார்த்துத் தீர்மானிக்கிறார்கள். இரண்டும் ஒரே வகை என்றால், ஒவ்வொன்றும் குருட்டாம்போக்கில் ஓர் எண்ணை எடுக்கிறது. அந்த எண்களை ஒப்பிட்டுத் தலைவரை முடிவு செய்கிறார்கள். கிரிக்கெட்டில் பூவா தலையா போடுகிறோமே, அதே முறை!

கடைசியாக, போக ஒன்று, வர ஒன்று என்று ஒலிக்கும் படத்துக்கும் தனித்தனிப் பாதைகள் திறக்கின்றன. சில சமயம் உங்களுக்கு அவர்கள் முகம் தெரியும், அவர்களுக்கு உங்கள் முகம் தெரியாது. காரணம் இப்போது புரிகிறதா? ஒரு பாதை திறந்து, மறு பாதை திறக்கவில்லை.

பூட்டிய கேட்

கூட்ட அறை பெரும்பாலும் ஓர் அலுவலகத்துக்குள் இருக்கும். அலுவலகத்தின் இன்டர்நெட் வாசலில் பயர்வால் என்ற காவல்காரர் நிற்பார். உள்ளே இருப்பவர் வெளியே போனால் விடுவார். முன்பின் தெரியாதவர் வெளியிலிருந்து வந்தால் விடமாட்டார். அது அவர் கடமை. உங்கள் வீட்டு இணைப்பிலும் இப்படி ஒரு காவல் உண்டு. இரண்டு பேரும் வாசலுக்கு உள்ளேயே நின்றுகொண்டு, "நீ வா" "நீ வா" என்றால் எப்படிச் சந்திப்பது?

வழி எளிது. இருவரும் வெளியே வந்து ஒரு பொது இடத்தில் சந்திக்கலாம். ஊர் நடுவில் இருக்கும் ஆலமரத்தடி மாதிரி. இன்று ஜூம், கூகுள் மீட், டீம்ஸ் போன்ற சேவைகள் செய்வது இதைத்தான். கம்ப்யூட்டரும் அறையும் தனித்தனியாக வெளியே அழைத்து, நடுவில் இருக்கும் ஒரு பெரிய கம்ப்யூட்டரில் சேர்ந்து கொள்கின்றன.

அறையில் இருப்பது பழைய மொழி மட்டும் பேசும் கருவி என்றால்? நடுவில் 'கேட்வே' என்ற மொழிபெயர்ப்பாளரை வைக்கிறார்கள். அது ஒரு காதில் ஒரு மொழியைக் கேட்டு, மறுபக்கம் வேறு மொழியில் சொல்கிறது. 2003-இல் தொடங்கிப் புகழ்பெற்ற ஸ்கைப் தனக்கென்று தனி மொழி வைத்திருந்தது. அதை அறைக் கருவியோடு சேர்க்க இப்படி ஒரு மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டார். அந்த ஸ்கைப் 2025 மே மாதத்தில் மூடப்பட்டது.

அந்த எதிரொலி யாருடையது?

பேசிக் கொண்டிருக்கும்போது உங்கள் குரலே உங்களுக்குத் திரும்பக் கேட்டிருக்கிறதா? உடனே நம் மைக்கைத் தட்டிப் பார்ப்போம். ஆனால் பெரும்பாலும் கோளாறு எதிர்ப்பக்கத்தில்தான்!

உங்கள் குரல் அந்த அறையின் ஸ்பீக்கரில் வருகிறது. சுவரில் மோதி, அந்த அறையின் மைக்குக்குள் நுழைந்து, உங்களிடமே திரும்பி வருகிறது. நல்ல அறைக் கருவிகள் இதைத் தடுக்கும். "இப்போது ஸ்பீக்கரில் நான் என்ன ஒலித்தேன்" என்பது கருவிக்குத் தெரியும். மைக்கில் கேட்டதிலிருந்து அதைக் கழித்துவிட்டு மீதியை மட்டும் அனுப்பும். கழித்தல் கணக்கு எங்கெல்லாம் உதவுகிறது பாருங்கள்! கம்ப்யூட்டர் பக்கம் இருப்பவர் ஹெட்போன் போட்டுக்கொண்டால் இன்னும் நல்லது. ஸ்பீக்கர் ஒலி மைக்குக்குப் போகவே போகாது.

இன்னொரு விஷயம், தாமதம். பேச்சு 150 மில்லி வினாடிக்குள் போய்ச் சேர்ந்தால் பொதுவாக உரையாடல் இயல்பாக இருக்கும் என்கிறது சர்வதேச விதி. அதற்கு மேல் போகப் போக இருவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்குவார்கள். பிறகு இருவரும் ஒரே நேரத்தில் நிறுத்துவார்கள். "நீங்க சொல்லுங்க", "இல்லை, நீங்க சொல்லுங்க" என்று நேரம் போகும்.

தேனியில் ஒரு கண் பரிசோதனை

"இவ்வளவு பாடு எதற்கு? போனில் பேசினால் போதாதா?" என்று கேட்கிறீர்களா? நம் தமிழ்நாட்டுக்கு வாருங்கள்.

மதுரையில் 1976-இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனைக்குத் தேனியிலும் ஒரு கிளை உண்டு. சுற்றியுள்ள ஊர்களில் இருக்கும் பாட்டி, தாத்தாக்கள் கண் மங்கினால் பஸ் பிடித்துப் போக வேண்டும். ஒரு நாள் கூலி போகும். துணைக்கு வருபவரின் கூலியும் போகும். அதற்குப் பயந்தே பலர் போகாமல் இருந்துவிடுவார்கள். காலத்தில் பார்க்காவிட்டால் சில கண் நோய்களில் பார்வையே போய்விடும்.

2005, 2006-ஆம் ஆண்டுகளில் இந்த மருத்துவமனையும் அமெரிக்காவின் பெர்க்லியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்களும் சேர்ந்து, தேனி மருத்துவமனையைச் சுற்றுவட்டாரக் கண் மையங்களோடு நெடுந்தூர வைபை மூலம் இணைத்தார்கள். மையத்தில் பயிற்சி பெற்ற ஊழியர் கண்ணைப் பரிசோதிப்பார். அங்கே இருக்கும் கம்ப்யூட்டர் வழியாக மருத்துவமனையில் இருக்கும் டாக்டர் நோயாளியைப் பார்த்துப் பேசுவார். கண்ணாடி போதுமா, சொட்டு மருந்து போதுமா, ஆபரேஷன் வேண்டுமா என்று சொல்லிவிடுவார். தேவைப்படுபவர் மட்டும் பஸ் ஏறினால் போதும்.

படம் உறையாமல், குரல் உடையாமல் போய்ச் சேருவது ஏன் முக்கியம் என்று இப்போது தெரிகிறதல்லவா?

தனியாக இருப்பவரை மறக்காதீர்கள்!

கருவிகள் ஒத்துப்போய்விட்டன. இனி மனிதர்கள் ஒத்துப்போக வேண்டும். அறையில் பத்துப் பேர், கம்ப்யூட்டரில் ஒருவர் என்றால், அந்த ஒருவரை எல்லோரும் மறந்துவிடுவது சுலபம். பத்துப் பேரும் தங்களுக்குள் பேசிச் சிரிப்பார்கள். என்ன சிரிப்பு என்று அவருக்குத் தெரியாது. 2020-இல் கொரோனா காலத்தில் வீட்டிலிருந்தே பாடம் கேட்ட உங்களில் பெரியவர்களுக்கு இந்த வருத்தம் புரியும். அதனால் சில பழக்கங்கள்:

* அறையில் இருந்தால், முதலில் யார் யார் இருக்கிறீர்கள் என்று பெயர் சொல்லுங்கள். கேமராவில் விழாமல் ஓரத்தில் உட்கார்ந்திருப்பவர் பெயரையும் சொல்லுங்கள்.

* ஒருவர் பேசி முடித்த பின் அடுத்தவர் பேசுங்கள். மேஜை மைக்குக்குப் பக்கத்தில் தாளைக் கசக்காதீர்கள். அது எதிர்ப்பக்கத்தில் இடி மாதிரிக் கேட்கும்.

* கம்ப்யூட்டரில் இருந்தால், ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்காராதீர்கள். முகம் கறுப்பாகத் தெரியும். வெளிச்சம் முகத்தில் விழட்டும்.

* பேசாதபோது மைக்கை அணைத்து வையுங்கள். கேட்கவில்லை என்றால் தயங்காமல் கையைத் தூக்குங்கள்.

* அப்பா, அம்மா, ஆசிரியருக்குத் தெரியாமல் எந்த அழைப்பிலும் சேராதீர்கள். வேலை முடிந்ததும் கேமரா அணைந்துவிட்டதா என்று பாருங்கள்.

செய்து பாருங்கள்!

தேவை: கட்டம் போட்ட இரண்டு தாள்கள், இரண்டு பென்சில்கள், ஒரு நண்பர்.

இருவரும் முதுகோடு முதுகு ஒட்டி உட்காருங்கள். ஆளுக்கு எட்டுக்கு எட்டு, மொத்தம் 64 கட்டங்கள் வரைந்து கொள்ளுங்கள். நீங்கள் சில கட்டங்களைக் கறுப்பாக்கி 'ப' என்ற எழுத்தை வரையுங்கள். முன்கூட்டி எதுவும் பேசிக்கொள்ளாமல், "கறுப்பு, வெள்ளை, வெள்ளை..." என்று 64-ஐயும் படியுங்கள். நண்பர் வரைந்ததைப் பாருங்கள். நீங்கள் இடமிருந்து வலமாகப் படித்து, அவர் மேலிருந்து கீழாக நிரப்பியிருந்தால் 'ப' படுத்திருக்கும்!

இப்போது விதியைப் பேசி முடிவு செய்துவிட்டு மறுபடி செய்யுங்கள். படம் சரியாக வரும். பிறகு உங்கள் படத்தில் மூன்று கட்டங்களை மட்டும் மாற்றி, மாறியதை மட்டும் சொல்லுங்கள். 64 வார்த்தைக்குப் பதில் எத்தனை வார்த்தை ஆயிற்று என்று எண்ணிப் பாருங்கள்.

கடைசியாக ஒரு செய்தி

2011-இல், தனி சாப்ட்வேர் எதுவும் இல்லாமல் பிரவுசரிலேயே முகம் பார்த்துப் பேச உதவும் வெப்ஆர்டிசி என்ற முறை எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. அப்போதும் பழைய சண்டை வந்தது. எந்த வீடியோ மொழி? ஒரு கட்சி விபி8 என்றது. மறு கட்சி எச்.264 என்றது. சில ஆண்டுகள் இழுபறி. 2014-இல் உடன்பாடு வந்தது. பிரவுசர்கள் இரண்டையும் கற்றுக்கொள்ள வேண்டும்!

ஒலிக்கு? ஓபஸ் என்ற புதிய மொழியுடன், கட்டாயப் பட்டியலில் இன்னொரு பெயரும் இருக்கிறது. ஜி.711! 1972-இல் டெலிபோனுக்காக எழுதிய அதே பழைய தாத்தாதான். புதிய பிரவுசரும் பழைய கூட்ட அறையும் சந்திக்கும்போது, வேறு எதுவும் ஒத்துவராவிட்டால் தாத்தா வந்து பேச வைப்பார்.

சரி நண்பர்களே, இப்போது உங்கள் முறை. உங்கள் வகுப்பு முழுவதும் ஓர் அறையில் உட்கார்ந்து, வேறு ஊரில் கம்ப்யூட்டர் முன் இருக்கும் ஒரே ஒரு மாணவருடன் ஒரு மணி நேரம் பேசப் போகிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். எந்த நேரம், எந்த மொழி, யார் முதலில், கேட்காவிட்டால் என்ன சைகை... எதையெல்லாம் முன்பே பேசி வைப்பீர்கள்? ஒரு பட்டியல் போட்டு உங்கள் ஆசிரியரிடம் காட்டுங்கள். அந்தத் தனி மாணவருக்காக ஒரு வரியாவது அதில் இருக்கட்டும்!